பாலத்தில் ஒதுங்க இடம்

எட்டாம் உலகம் என்பது கணினிக்குள் இருந்த ஓர் ஊர். கட்டைமேல் கட்டை அடுக்கி மலை, கோட்டை, கடற்கரை என்று எதை வேண்டுமானாலும் எழுப்பக்கூடிய ஆட்டம் அது. அந்த உலகத்தை நடத்தியவள் தூத்துக்குடியைச் சேர்ந்த ஜெனோவா. வயது இருபத்தாறு. பல ஊர்களிலிருந்தும் வந்து அங்கே கட்டியவர்கள் அவளை டீச்சர் என்று அழைத்தார்கள். அவள் எதையாவது கற்பித்ததாக ஒருவருக்கும் நினைவில்லை.

அந்த மாதக் கடைசியில் இந்தப் பழைய உலகம் அழிந்து புதிய உலகம் ஒன்று தொடங்கவிருந்தது. எது புதிய உலகத்துக்குப் போகும், எது போகாது என்பதை ஜெனோவாவே முடிவு செய்வாள். அவளுடைய முறை எளிமையானது. ஒருவர் கட்டியதற்குள் நுழைவாள். கோட்டையென்றால் நடப்பாள், ரயிலென்றால் ஏறி உட்காருவாள். கடைசிவரை போனால் அது பிழைத்தது. நடுவில் வெளியேறினால், இறங்கினால், அழிந்தது. காரணம் சொல்லும் வழக்கம் அவளிடம் இல்லை.

சீடர்களில் வயதில் மூத்தவர் பேராசிரியை மங்கையர்க்கரசி. மதுரையில் ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறைத் தலைவர். வெள்ளிமுடி மலை ரயிலைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். அந்த ரயில் இப்போது இல்லை. தண்டவாளங்களைப் பெயர்த்து இரும்பு விலைக்குப் போட்டபோது பேராசிரியை பிறந்திருக்கவே இல்லை. ஆய்வேட்டை முழுமையாக வாசித்தவர்கள் நெறியாளரும் தேர்வாளர்களும் மட்டுமே. கணவர் தெய்வசிகாமணி நன்றியுரையைப் புரட்டி, தம் பெயர் இருப்பதை உறுதி செய்துகொண்டு மூடி வைத்தார்.

ஆகவே பேராசிரியை ரயிலை இங்கே கட்டினார். வாசிக்காதவர்கள் ஏறியாவது பார்க்கட்டும் என்பது அவருடைய எண்ணம். அசல் பாதையின் அகலம் ஒரு மீட்டர். ஆட்டத்தின் ஒரு கட்டையும் ஒரு மீட்டர். கடவுளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல் அந்தப் பொருத்தம் அவருக்குப் பட்டது. மூன்று ஆண்டுகள் உழைத்தார். மலை எழுந்தது, சுரங்கம் திறந்தது, ஆற்றின்மேல் வளைவு வளைவாகப் பாலம் நின்றது.

பிறகு டீச்சரை அழைத்தார்.

ஜெனோவா அடிவாரத்தில் ஏறினாள். கட்டுகிறவர்களுக்கு அந்த உலகத்தில் பறக்கும் அனுமதி உண்டு. பேராசிரியை வண்டிக்கு மேலே பருந்துபோல் மிதந்தபடி கூடவே போனார்.

முதல் நிலையத்தின் பெயர் பொன்னூத்து. வண்டி அங்கே நின்றது. ஜெனோவா இறங்கினாள்.



“இறங்கிட்டீங்க.”

“ஆமா, மேடம்.”

“ஏன்?”

“மாசம் முடிய நாள் இருக்கு. மறுபடி கூப்பிடுங்க, வரேன்.”

“இந்த ஸ்டேஷன் கூரையில ஓடு எத்தனை வரிசைன்னு என்கிட்ட ஆவணம் இருக்கு. குறை என்னன்னு சொல்லாம நீங்க பாட்டுக்கு இறங்கினா எப்படி? என் ஆராய்ச்சி மாணவர்களைக்கூட நான் இப்படி விரட்டினதில்ல.”

“விரட்டியிருப்பீங்க.”

பேராசிரியை யோசித்தார். விரட்டியிருந்தார்.

“சரி, டீச்சர். பணிஞ்சே கேக்குறேன். என் பாதையில என்ன குறை?”

 ஹெட்போனில் ஜெனோவா விசைப்பலகை தட்டும் ஒலி கேட்டது. அப்போது பேராசிரியை நிலையத்தை அடுத்த ஆற்றுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தார். மறுகணம் ஆற்றுக்குள் இருந்தார்.

“என்னைப் பிடிச்சுத் தள்ளினீங்களா?”

“இல்ல, மேடம். பறக்குற அனுமதியை எடுத்தேன். மத்தது பூமியோட வேலை.”

அவள் போய்விட்டாள்.

பேராசிரியை நீந்திக் கரையேறினார். தாம் கட்டிய மலையின் அடியில் முதன்முறையாக நின்றார். மலை பெரிதாக இருந்தது. அண்ணாந்து பார்த்தும் உச்சி தெரியவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

பொன்னூத்து நிலையத்துக்கு நடந்தார். உள்ளே போக முடியவில்லை.

அந்த ஆட்டத்தில் ஓர் ஆளால் ஒரு கட்டை உயரம்தான் தாவ முடியும். நிலையமோ இரண்டு கட்டை உயரப் பீடத்தின்மேல் நின்றது. படி இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தவருக்குக் காரணம் உடனே விளங்கியது. கிடைத்த ஒரே புகைப்படத்தில், படி இருந்திருக்க வேண்டிய இடத்தை ஒரு மாட்டுவண்டி மறைத்துக்கொண்டு நின்றது. அவர் மாட்டுவண்டியைக் கட்டியிருந்தார். படியைக் கட்டவில்லை.

மண்ணைக் குவித்து மேலேறினார். பயணச்சீட்டு அறையின் கதவைத் திறந்தார். கதவுக்குப் பின்னால் கல். அறை முழுவதும் கல். உள்ளே எடுத்த படம் ஒன்றும் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கவில்லை. ஆகவே உள்ளே என்று ஒன்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பேராசிரியை வீட்டில் தம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒருவர் இதைக் கேட்டிருந்தால் பேராசிரியை அங்கேயே அழுதிருப்பார். இப்போது ஆவல்தான் பெருகியது. இன்னும் என்னென்ன செய்து வைத்திருக்கிறோம்?

பாதையோடு நடந்து பாலத்துக்கு வந்தார். அதுதான் அவருடைய செல்லம். பாதிப் பாலம் கடந்தபோது பின்னால் சத்தம் கேட்டது. வண்டிகள் தாமாகவே ஓடும்படி அவரே அமைத்திருந்தார். திரும்பிப் பார்த்தார். ஓடினார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். இரு பக்கமும் காற்று.

அவர் போட்ட சத்தத்தில் தெய்வசிகாமணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன ஆச்சு?”

“செத்துட்டேன்.”

“எப்படி?”

“ரயில்ல அடிபட்டு.”

“யாரு விட்ட ரயில்?”

“நான்தான்.”



“அப்ப யார்மேலயும் கேஸ் போட முடியாது. காபி குடிக்கிறியா?”

காபி வருவதற்குள் பேராசிரியைக்கு விஷயம் பிடிபட்டிருந்தது. ரயில் பாலங்களில் ஆங்காங்கே பக்கவாட்டில் ஒரு சிறிய மேடை நீண்டிருக்கும். பாதையைச் சரிபார்த்துக்கொண்டு நடந்துபோகும் கேங்மேன், வண்டி வந்தால் அதில் ஒதுங்கி நிற்பார். வெள்ளிமுடிப் பாலத்திலும் அந்த மேடைகள் இருந்தன. ஆய்வேட்டில் அவற்றுக்கென்று தனிப் பகுதியே எழுதியிருந்தார். கட்டும்போது தூரத்திலிருந்து மிதந்தபடி பார்த்தார். வளைவுகளின் அழகில் அந்த மேடைகள் தெற்றுப்பல்போல் துருத்தின. விட்டுவிட்டார்.

மறுநாள் டீச்சரைப் பிடித்தார்.

“ஒதுங்குற மேடை வைக்கணும். கண்டுபிடிச்சிட்டேன். பறக்க விடுங்க, அரைமணியில முடிச்சிடறேன்.”

“பறந்தா எங்க வைப்பீங்க?”

“வரைபடத்துல இருக்கிறபடி. சம தூரத்துல.”

“சரி. நடந்தா?”

 பேராசிரியை பாலத்தின் தொடக்கத்துக்குப் போய் நடக்கத் தொடங்கினார்.

அன்றிலிருந்து பாலத்தில் ஒரு விசித்திரமான வேலை நடந்தது. பேராசிரியை நடப்பார். வண்டி வரும். ஓடுவார். எந்த இடத்தில் ஓட்டம் போதாமல் அடிபட்டாரோ, அடுத்த தடவை அந்த இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு மேடை வைப்பார். ஆட்டத்தில் செத்தவர் உடனே உயிர்த்தெழலாம்; மறுபடி நடப்பார். வரலாற்றுத் துறைத் தலைவர் ஒருவர் கல்லூரியிலிருந்து வந்ததும் வராததுமாகத் தம் சொந்த ரயிலில் அடிபட்டுக்கொண்டிருந்தார். தெய்வசிகாமணி எண்ணிக்கையை விட்டுவிட்டார்.

வேலை முடியும் தறுவாயில் ஒரு சிக்கல் வந்தது. ஆட்டத்தின் வண்டி அசல் வண்டியைவிட வேகமாக ஓடியது. அதனால் மேடைகள் வரைபடத்தில் இருந்ததைவிட அதிகமாகிவிட்டன. இடைவெளியும் சமமாக இல்லை. எங்கோ நெருக்கமாக, எங்கோ தள்ளி.

இதைப் பேராசிரியையால் விழுங்க முடியவில்லை. ஒரு தேதி பிசகியதற்காக மாணவர்களின் அத்தியாயங்களைத் திருப்பி அனுப்பியவர் அவர்.

“டீச்சர், இது அசல்ல இல்லாத மேடை. நாளைக்கு இதைப் பாக்கிற பிள்ளைங்க வெள்ளிமுடிப் பாலம் இப்படித்தான் இருந்துச்சுன்னு நம்பிடும். அது பொய் இல்லையா?”

“அசல் பாலத்துல வண்டி வந்தா, நடந்து வர்றவர் பிழைச்சாரா?”

“பிழைச்சார். அதுக்குத்தானே மேடை.”

“இங்க வரைபடத்துல உள்ளபடி வெச்சா?”

“பிழைக்க மாட்டார்.”

“ரெண்டுல எது அசல் மாதிரி இருக்கு, மேடம்?”

“அது வாதம். ஆதாரம் இல்ல.”

“சரி, அப்ப நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க.”

பேராசிரியை இரண்டு நாள் எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் கூடுதல் மேடை ஒன்றை இடிக்கப் போனார். கடப்பாறையை ஓங்கியபோது வண்டி வந்தது. அந்த மேடையிலேயே ஒதுங்கினார். வண்டி தோளை உரசுவதுபோல் கடந்தது. கடப்பாறையைப் பைக்குள் வைத்துவிட்டார்.

மாதக் கடைசி வந்துவிட்டது. பொன்னூத்துக்குப் படி வந்திருந்தது. பயணச்சீட்டு அறையைக் குடைந்து ஒரு மேசையும் சன்னலும் வைத்திருந்தார். அசலில் எப்படி இருந்தது என்று தெரியாததால் வேறு எதையும் வைக்கவில்லை. பாலத்துக்கு அப்பால் ஏறிப்போகும் பாதை முழுவதும் அவர் நடக்காத பாதை. அங்கே நிலையங்கள் இன்னும் கல்லால் அடைத்த பெட்டிகளாகவே இருந்தன.

ஜெனோவா வந்தாள்.

“முன்னாடியே சொல்லிடறேன், டீச்சர். பாலத்துக்கு மேல நான் நடக்கல. நேரம் போதல. அங்க எல்லாம் வெளிப்பூச்சுதான்.”

“சரி.”

“சரின்னா?”

“கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம், மேடம்.”

அவள் அடிவாரத்தில் ஏறினாள். பேராசிரியையால் இப்போது பறக்க முடியாது. முன்னாலேயே நடந்துபோய்ப் பாலத்தின் நடுவே ஒரு மேடையில் ஒதுங்கிக் காத்திருந்தார். ஹெட்போனில் வண்டியின் ஓசை கேட்டது. பொன்னூத்தில் நின்றது.  மீண்டும் ஓசை கேட்டது. வண்டி புறப்பட்டுவிட்டது; தூரத்தில் ஜெனோவா உள்ளே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இறங்கவில்லை. இந்தத் தடவை இறங்கவில்லை.

வண்டி பாலத்தின்மேல் வந்தது. பேராசிரியையை நெருங்குவதற்குச் சற்று முன்னால் ஜெனோவா எழுந்தாள். தாவினாள். அவருக்கு முந்தின மேடையில் போய் நின்றாள்.

ஆளில்லாத வண்டி இருவரையும் கடந்து மலைக்குள் போயிற்று.

பேராசிரியை கண்ணை மூடிக்கொண்டார். மூன்று ஆண்டுகள். ஓடு ஓடாக, கல் கல்லாக. மறுபடியும் அலமாரியில் தூங்கும் ஓர் ஆய்வேடு.

கண்ணைத் திறந்தபோது ஜெனோவா அதே மேடையில் நின்றுகொண்டிருந்தாள். கீழே ஆற்றைப் பார்த்தாள். பிறகு வளைவுகளைப் பார்த்தாள். அடுத்த வண்டி வந்தது. ஒதுங்கி வழிவிட்டாள். அது போன பிறகும் ஏறவில்லை.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“இறங்கிட்டீங்க.”

“ஆமா.”

“அழிச்சிடுவீங்க. பரவாயில்ல. விதி விதிதான். நான் ஒண்ணும் கெஞ்சப் போறதில்ல.”

“உங்க பாதை புது உலகத்துக்கு வருது, மேடம்.”

பேராசிரியைக்குக் கோபம் வந்தது. இரக்கத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணை வாழ்நாள் முழுவதும் வெறுத்தவர் அவர்.

“எனக்காக விதியை வளைக்க வேணாம். நடுவுல இறங்கினா அழியணும். நீங்க எழுதின விதி.”

ஜெனோவா ஆற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உட்கார முடியாம நான் இறங்கின பாதைங்களுக்காக எழுதின விதி அது. இறங்கி நிக்கலாம்னு ஒரு பாதையில தோணும்னு அப்ப எனக்குத் தெரியாது.”