ஐந்தாம் பெட்டியின் கடிகாரம்

எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. என் குருவுக்கு முப்பத்தொன்று. டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் கம்பி இழுத்த கர்வத்தோடு மண்சரிவை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வேலை கற்கப் போனேன். குருவின் பெயர் தமயந்தி. கோபம் வந்தால் அந்த மலையே தாங்காது.

சரிவில் மண்ணின் சத்தத்தைப் பதியும் ஆறு பெட்டிகள் புதைத்திருந்தோம். மண் விரிசல் விடும் சத்தம் எந்தப் பெட்டிக்கு முதலில் கேட்கிறது என்று பார்த்து இடத்தைக் கண்டுபிடிப்போம். அதற்குப் பெட்டிகளுக்குள் இருக்கும் ஆறு கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். பதினேழு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றும் அலுவலகத்துச் செயற்கைக்கோள் கடிகாரத்திடம் ரேடியோவில் பலமுறை மணி கேட்டு, சீக்கிரம் வந்த பதிலை மட்டும் வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

மழை பிடித்ததும் கடிகாரம் பிசகுமோ என்று எனக்குப் பயம். ஐந்தாம் பெட்டி எட்டு விநாடிக்கு ஒரு தடவை கேட்டு, வந்த பதிலுக்கெல்லாம் திருத்திக்கொள்ளும்படி மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை, தேயிலைத் தோட்டத்து மேல் லயன் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் விரிசல் என்று கணக்கு வந்தது. நாற்பது பேரைக் கொட்டும் மழையில் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினோம். மண் சரிந்ததோ கீழ் லயனில். ஒரு சமையற்கட்டுச் சுவர் போயிற்று.

மறுநாள் காலை, கொழுந்து பறிக்கப் போகும் வழியில், கீழ் லயன் செபமாலை எங்கள் அலுவலக வாசலில் நின்று கத்தினாள்.

"மிஷினு வச்சிருக்காங்களாம், பெரிய மிஷினு! இனிமே ஓடச் சொன்னா எவ ஓடுவா?"

அவள் சொன்னது நிஜம். சாயங்காலம் அவர்கள் வீடு திரும்புவதற்குள் எந்த லயன் ஆபத்து என்று சொல்லியாக வேண்டும். இன்னொரு தடவை தப்பாகச் சொன்னால் ஒருத்தரும் நகர மாட்டார்கள்.

தமயந்தி கணினித் திரையைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"யார் இதை எட்டாக்கினது?"

"நான்தான் மேடம். மழையில கடிகாரம் பிசகிடக் கூடாதேன்னு..."

"மழையில ரேடியோ பதில் ஒரு தடவை உடனே வருது, ஒரு தடவை முக்கி முனகி அரை விநாடி கழிச்சு வருது. தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் அதை நம்பி எட்டு விநாடிக்கு ஒரு தடவை மணியை முன்னால தள்ளி, பின்னால இழுத்து... சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி!"

எனக்கும் சுர்ரென்று ஏறியது. "அப்போ கேக்கவே வேணாமா?"

தமயந்தி செயற்கைக்கோள் மணி காட்டும் கையடக்கக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு மலையேறினார். நானும் போனேன். ஐந்தாம் பெட்டியைத் திறந்து, மணியைச் சரியாக வைத்து, ரேடியோ வயரைப் பிடுங்கினார்.

"ரெண்டு மணி நேரம். கை வச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தோம். வயரைச் செருக நாலு தடவை எழுந்தேன்.

"உக்காருங்க சார்!"

இரண்டு மணி நேரம் கழித்து ஒப்பிட்டார். விநாடியில் நூறில் ஒரு பங்குகூட நகரவில்லை. முந்தின நாள் என் கையில் அது கால் விநாடி ஆடியிருந்தது.

பதினேழு நிமிஷத்துக்கே மாற்றி, வயரைச் செருகினார். பெட்டி பதிந்து வைத்திருந்தது அலுவலகம் போய்ச் சேர்ந்தது. இடையில் மண் மூன்று முறை சத்தம் போட்டிருந்தது. கணக்குப்படி மூன்றும் கீழ் லயனுக்குப் பின்னால்.

தமயந்தி நேரே தோட்டத்துக்குப் போய்ச் செபமாலை முன்னால் நின்றார்.

"நேத்து தப்பு எங்களோடது. இன்னிக்கு வீட்டுக்குப் போகாதீங்க."

செபமாலை வாயில் வந்தபடி திட்டினாள். ஆனால் எல்லாரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத்தான் போனாள்.

இருட்டுவதற்கு முன் சரிவு இறங்கியது. கீழ் லயனில் நாலு வீடு இல்லை. உள்ளே யாரும் இல்லை.

பள்ளிக்கூட வாசலில் தமயந்தியை நிறுத்தினேன். கோபம் அடங்கவில்லை.

"அசட்டையா இருந்து தப்பு நடந்திருந்தா ஒத்துக்குவேன் மேடம். நான் கவனமா இருந்தேனே! எட்டு விநாடிக்கு ஒரு தடவை!"

தமயந்தி என்னை முறைத்துப் பார்த்தார்.

"பயந்தது நீங்க சார். திருத்தினது கடிகாரத்தை."