பன்றிகளைத் துரத்திய காடு

ஒரு காட்டில், குழந்தைகளே, இரண்டு ஆண்டுகளாக மழை பொய்த்துவிட்டது. ஓடை வெறும் மணலாகிப் போனது. மிஞ்சியது ஒரே ஒரு குட்டை. எல்லா விலங்குகளும் அதில்தான் குடித்தன, அதில்தான் குளித்தன. எருமைகளோ நாள் முழுவதும் அதிலேயே படுத்துக் கிடந்தன.

மேற்கே இருந்த காட்டில் வறட்சி இன்னும் கடுமை. அங்கிருந்து பன்றியம்மா ஒருத்தி தன் ஆறு குட்டிகளுடன் பிழைக்க வந்தாள்.

சில நாட்களில் காடெங்கும் வயிற்றுப்போக்கு பரவியது. தலைவர் கரடியார் கூட்டம் போட்டார்.

"தலைவரே, இது அந்தப் பன்றிகள் கொண்டுவந்த நோய்! துரத்துங்கள்!" என்றது நரி.

"நாங்கள் வருவதற்கு முன்பே மான்குட்டி நோயில் படுத்துவிட்டதே, ஐயா" என்றாள் பன்றியம்மா. யார் காதிலும் அது ஏறவில்லை. பன்றிகளைத் துரத்திவிட்டார்கள்.

நோய் போகவில்லை.

"அப்படியானால் முள்ளம்பன்றிதான் காரணம். பெயரிலேயே பன்றி இருக்கிறதே!" என்றது நரி.

முள்ளம்பன்றியும் போனது. நோய் மட்டும் போகவில்லை.

"அடுத்தது இந்தக் குரங்குகள்..." என்று தொடங்கிய நரி, "இதோ வந்துவிட்டேன்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் ஓடியது.

முயலுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வீட்டில் அதன் இரண்டு குட்டிகளும் துவண்டு கிடந்தன. 'துரத்தப்பட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்போமே' என்று நினைத்து, வறண்ட ஓடை வழியே புறப்பட்டது.

அங்கே பன்றிக்குட்டிகள் ஒன்றை ஒன்று துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன. முள்ளம்பன்றி குறட்டை விட்டுத் தூங்கியது.

"உங்களுக்கு நோய் வரவில்லையா?" என்று வியந்தது முயல்.

"அந்தக் குட்டைத் தண்ணீரைக் குடித்தால்தானே வரும்? எங்கள் காட்டில் பட்டுத் தெரிந்துகொண்டோம். வறட்சி வந்தால் மணலைத் தோண்டித்தான் குடிப்போம்" என்றாள் பன்றியம்மா. அவள் மூக்கால் தோண்டிய ஊற்றில் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது.

முயல் கூட்டத்துக்கு ஓடி வந்தது. "தலைவரே! துரத்தப்பட்டவர்கள் துள்ளி விளையாடுகிறார்கள். துரத்திய நாம்தான் புதரைத் தேடி ஓடுகிறோம்!" என்று எல்லாவற்றையும் சொன்னது.

கரடியார் தாமே நடந்து போய்த் தலை குனிந்தார். "மன்னித்துவிடு, அம்மா."

"அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் நோயாளிகளைக் கூட்டி வாருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், ஊற்றுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது!"

எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் மணலைத் தோண்டினார்கள். குட்டையை எருமைகளுக்கே விட்டுவிட்டார்கள். நான்கே நாளில் முயல்குட்டிகள் எழுந்து குதித்தன.

கடைசியாக நரி தள்ளாடி வந்தது. "எனக்கும் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?"

"ஓ, கிடைக்குமே! அந்த மர நிழலில் மணல் இளகலாக இருக்கிறது. தோண்டு, நானும் கை கொடுக்கிறேன்" என்றாள் பன்றியம்மா.

நரி வெட்கத்தோடு தோண்டியது. குளிர்ந்த நீர் பீறிட்டு அதன் முகத்தில் அடித்தது. குட்டிகள் கைகொட்டிச் சிரித்தன. நரியும் சிரித்துவிட்டது.

நீதி: துன்பம் வரும்போது பழிபோட ஆளைத் தேடாதே, காரணத்தைத் தேடு.