விரிசல் விட்ட ஓடுதளமும் சாம்பிராணி காட்டிய சக்கரமும்

சத்தியம், சத்தியம், அத்தனையும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசை இப்போதே உதிர்ந்து இந்தக் காப்பித் தம்ளரில் விழட்டும். மீசை எங்கே என்று தேடாதீர்கள், கதையைக் கேளுங்கள்.

வெள்ளூத்துப் பக்கம் கரிசல் காட்டில் கேப்டன் ரெங்கமணி ஒரு குட்டி விமானம் வைத்திருந்தார். போன தடவை தரையிறங்கும்போது சக்கரத்தின் கால் மடங்கி, விமானம் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே போய் நின்றது. "இன்னொரு தடவை சக்கரம் போச்சுன்னா, உம்ம உரிமமும் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போன சோதனை அதிகாரி, இந்தக் கதை நடந்த அன்றைக்குத்தான் மறுபடி வருகிறார்.

விமானத்தைப் பராமரிக்க கேப்டன் அமர்த்தியிருந்தது சுடலைக்கண்ணு, பிச்சக்கண்ணு, பேச்சிமுத்து என்ற அண்ணன் தம்பி மூவரை. காலையிலேயே நிற்கவைத்துச் சொன்னார்: "சக்கரத்தை அழுக்குப் போகத் துடைக்கணும். முக்கியமா, விரிசல் விட்டது, தேஞ்சது எது கண்ணுல பட்டாலும் பிடுங்கி எறிஞ்சிரணும். புரியுதா?"

"புரிஞ்சிட்டு சார்."

சக்கரத்துக்கு வெந்நீர் ஊற்றி, சந்தன சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார்கள். சளி பிடிக்காமல் இருக்க சாம்பிராணியும் காட்டினார்கள். சக்கரத்தில் தேய்ந்தது ஒன்றும் இல்லை. கேப்டனின் செருப்பு தேய்ந்திருந்தது, பிடுங்கி எறிந்தார்கள். சோதனைக்கு வந்து சேர்ந்த அதிகாரியின் குதிகாலில் பித்தவெடிப்பு இருப்பதைக் கண்ட பேச்சிமுத்து இடுக்கியோடு நெருங்குவதற்குள், நல்லவேளை, கேப்டன் அவரை ஏற்றிக்கொண்டு விமானத்தைக் கிளப்பிவிட்டார்.

கையாட்டி அனுப்பிய சுடலைக்கண்ணு குனிந்து ஓடுதளத்தைப் பார்த்தான்.

"ஏலே, விரிசல்!"

"தேஞ்சும்லா இருக்கு அண்ணே!"

"அப்பம் பிடுங்க வேண்டியதுதான்."

"பிடுங்கிட்டா அவரு எங்கண்ணே இறங்குவாரு?" என்றான் பிச்சக்கண்ணு.

சுடலைக்கண்ணு ஆழ்ந்து யோசித்தான். "பிடுங்காம விட்டா இறங்கி வந்து ஏசுவாரு. பிடுங்கிட்டா இறங்கவே மாட்டாரு. பொறவு எப்படிலே ஏசுவாரு?"

தம்பிகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனுக்கு இப்படி ஒரு மூளையா!

டிராக்டர் வந்தது. நம்மூர்த் தார்தானே, கலப்பை பட்டதும் அப்பளமாக நொறுங்கியது. உழுத நிலம் காயலாமா என்று தண்ணீரும் பாய்ச்சினார்கள்.

திரும்பி வந்த கேப்டன், கீழே பார்த்தால் சேறு. தாழப் பறந்து ஜன்னல் வழியே கத்தினார்: "அடப்பாவிகளா, ஓடுதளம் எங்கலே?"

"தேஞ்சிட்டு சார்! பிடுங்கிட்டோம்!"

"நான் எங்க இறங்க?"

"எங்க வேணும்னாலும் இறங்குங்க சார், இங்க மட்டும் வேண்டாம்! தொடச்ச சக்கரம்லா, சேறாயிரும்!"

பெட்ரோல் தீரும் நேரம். வேறு வழியில்லாமல் கேப்டன் நாலுவழிச் சாலையில் இறக்கினார். சக்கரத்தின் கால் இம்மியும் மடங்கவில்லையே! டோல்கேட்டில் இறக்கை நுழையாததால், ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னால் சமர்த்தாக வரிசையில் நின்றது விமானம். அதிகாரி ஜன்னல் வழியே சக்கரத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கே தாங்குச்சுன்னா எதுக்கும் தாங்கும். உரிமம் உமக்குத்தான்!"

கேப்டன் விமானத்தைச் சாலை வழியாகவே உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மூவரையும் வெளுத்துவிடும் வேகத்தில் குதித்தார். அவர் வாயைத் திறக்குமுன் சுடலைக்கண்ணு டயரைத் தடவிப் பார்த்துப் பதறினான்.

"என்ன சார் இது? பறக்கக் குடுத்த வண்டிய ரோட்டுல ஓட்டித் தேச்சுக் கொண்டாந்திருக்கீய!"

அடுத்த நிமிஷம் சக்கரங்கள் எல்லாவற்றையும் பிடுங்கிச் சேற்றுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டார்கள். அதிகாரி உள்ளே இருக்கும்போதே விமானம் தொப்பென்று வயிற்றால் உட்கார்ந்தது.

சுடலைக்கண்ணு கையைத் தட்டிக்கொண்டு சொன்னான்: "இனிமே சக்கரம் கெட்டுப்போகும்ங்கிற பயமே வேண்டாம் சார்."

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யார் என்பதை மட்டும் கேப்டன் காதில் போடாமல் விழுங்கிவிடுங்கள். அந்த விமானத்தில் ஜன்னலோர சீட்டு ஒன்று எனக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.