கமாவைப் பிடுங்கியவர்

தென்காசியில் ஹசீனா டீச்சரிடம் பேசிக் என்னும் கணினி மொழி படிக்க வந்தவர்களில், டீச்சரைவிட வயதில் மூத்தவர் வேலாயுதப் பெருமாள் ஒருவர்தான். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசிலை வாயில் வைத்தால் வண்டி கிளம்பியே ஆக வேண்டும். பிடித்த பிடியை விடாத மனிதர்.

படிக்க வந்ததற்குக் காரணம் இருந்தது. பக்கவாதம் வந்து அவர் மனைவி இசக்கியம்மாளுக்குப் பேச்சு போய்விட்டது. பேனா பிடிக்கவும் கை வரவில்லை. ஒரு விரலால் கணினியில் தட்ட மட்டும் முடிந்தது. அவள் தட்டி முடித்து என்டரை அழுத்தினால், அது திரையில் பெரிய எழுத்தில் வரவேண்டும். அடுப்படியில் நின்றபடியே அவர் படிக்க வேண்டும். அப்படி ஒரு புரோகிராமை எழுதியே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்தார். எழுதியும் விட்டார்.

ஒருநாள் காலை முகம் சிவக்க வந்து, டீச்சரின் மேசைமேல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டை வைத்தார். கீபோர்டின் கமா விசை.

"பிடுங்கிட்டேன் டீச்சர்."

"ஏன் அண்ணாச்சி?"

"அவ கமா போடுதா. 'பால் வேண்டாம், மோர் குடுங்க'ன்னு தட்டுதா. மெஷினு கமாவோட நிறுத்திருது. 'பால் வேண்டாம்'னு மட்டும் காட்டுது. நான் மோரைக் குடுக்காமலே பாலைத் திருப்பி எடுத்துட்டுப் போயிருதேன். பக்கத்துல நின்னு பார்த்த பொறவுதான் விஷயமே தெரிஞ்சுது. கமா போடாதட்டின்னா கேக்க மாட்டேங்கா. வாத்திச்சியா இருந்தவ, விரலு தானா அங்க போகுது."

"பிடுங்கினதுக்கு மதினி என்ன சொன்னாங்க?"

"கீபோர்டைத் தள்ளி விட்டுட்டா. அதுக்குப் பொறவு ஒரு எழுத்து தட்டல." பேச்சு வருமென்று பாடுபட்ட வீட்டில் இருந்த பேச்சும் போயிற்றே.

"நடந்ததை முதல்ல இருந்து சொல்லுங்க," என்றார் டீச்சர்.

"காலையில அவ எந்திரிச்சு..." என்று தொடங்கி மூச்சு வாங்கினார்.

"எந்திரிச்சாங்க. சரி, புரிஞ்சுது." டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பிவிட்டார்.

"இல்ல டீச்சர், எந்திரிச்சதும் மோர் கேட்டா. நான் என்ன செஞ்சேன்னா..."

"மோர் கேட்டாங்க. சரி." பலகையைத் துடைக்கத் தொடங்கினார்.

வேலாயுதப் பெருமாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "முழுசாச் சொல்ல விடுங்க டீச்சர்!" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"மதினியும் அதத்தான சொல்லியிருக்காங்க," என்றார் டீச்சர்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

டீச்சர் அவருடைய புரோகிராமை வாங்கினார். தட்டுவதை வாங்கிக்கொள்ளும் 'இன்புட்' என்ற கட்டளைக்கு முன்னால் 'லைன்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்.

"வெறும் இன்புட், கமாவைப் பார்த்ததும் பேச்சு முடிஞ்சுட்டுன்னு நினைச்சுக்கிடும். லைன் இன்புட்டுக்கு அந்த அவசரம் கிடையாது. கமாவையும் சேர்த்து வாங்கிக்கிடும். என்டர் தட்டுற வரை சும்மா இருக்கும்."

"ஒரு வார்த்தைதானா? இதுக்கா நான் அவகிட்ட மல்லுக்கு நின்னேன்?"

"விசையை மாட்டுங்க. கமா போடாதன்னு இனிமே சொல்லாதீங்க."

அன்று மாலை வகுப்பு நடுவில் வேலாயுதப் பெருமாள் மூச்சிரைக்க வந்து நின்றார். செருப்புகூட இல்லை.

"வந்துட்டு டீச்சர்! முழு வரியும் வந்துட்டு! எவ்வளவு நேரம் தட்டினாங்கிறிய! நான் வாயத் திறக்கலையே!"

"என்ன சொன்னாங்க?"

அவர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"'போதும், ஓடினது போதும், என் பக்கத்துல செத்த நேரம் உக்காருங்க'ன்னு தட்டினா டீச்சர். படிச்ச கையோட உங்ககிட்டச் சொல்ல ஓடி வாரேன்."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ இங்க என்ன வேலை, அண்ணாச்சி?"