வேகத்துக்குக் காத்திருந்த கரடி

ஒரு காட்டில் கரடி ஒன்று கம்ப்யூட்டர் வைத்திருந்தது. கரடிக்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்று யாரும் குறுக்கே கேட்க வேண்டாம். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்தக் காட்டின் நடுவே ஓர் ஆறு. ஐப்பசி மழையில் அது கரையை உடைக்கும். ஒரு வருஷம் கிழக்குக் கரை, ஒரு வருஷம் மேற்குக் கரை. எந்தக் கரை என்று முன்பே தெரிந்தால் பிழைக்கலாம். தெரியாவிட்டால் ஆற்றோடு போகலாம்.

கரடியின் பெயர் வெள்ளையப்பன். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அது மழைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போடும். கம்ப்யூட்டருக்குள் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று உண்டு. படம் வரைவது அதன் வேலை. தண்ணீர் எங்கே ஏறும், எங்கே ஏறாது என்று நீலத்தில் வரைந்து காட்டும். பழைய கார்டு. ஒரு படத்துக்கு இரண்டு நாள் பிடிக்கும். அதன் விசிறி மேடு ஏறுகிற எருமை மாதிரி மூச்சு வாங்கும். ஆனால் ஒரு முறைகூடத் தப்பாக வரைந்ததில்லை.

போன வருஷப் படத்தை நம்பிக் கிழக்குக் கரையில் வளை தோண்டியிருந்தது முள்ளம்பன்றி சடையாண்டி. வளைக்குள் மூன்று குட்டிகள். மிகவும் சின்னவை. நீந்தத் தெரியாது. சடையாண்டிக்குக் கோபம் மூக்கின்மேல். வாய் திறக்கும் முன்னே முள் எழுந்துவிடும்.

ஆவணியில் காக்கை வந்தது. ஊர்ப் பேச்சைக் கொத்திக்கொண்டு வருவதுதான் அதன் பிழைப்பு.

"வெள்ளையப்பண்ணே, புதுக் கார்டு வருதாம். ரெண்டு நாள் வேலையை ஒரு மணி நேரத்துல முடிக்குமாம்."

"எப்போ?"

"புரட்டாசி பொறந்ததும்."

வாங்கிவிடலாம் என்று கரடி முடிவு செய்தது. அதுவரை சரி. புத்தியுள்ள முடிவுதான்.

மறுவாரம் காக்கை மறுபடியும் வந்தது.

"அவசரப்பட்டுடாதே அண்ணே. அதே கார்டுல இன்னும் வேகமானது ஒண்ணு பின்னாலேயே வருதாம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள படமாம்."

"யார் சொன்னது?"

"ஒரு புறா. அதுக்கு யாரோ சொன்னாங்களாம்."

"எப்போ வருது?"

"தைன்னு ஒரு பேச்சு. மாசின்னு ஒரு பேச்சு. மழைக்கு முன்னாலயே வந்தாலும் வருமாம்."

கடைசிப் பேச்சு மட்டும்தான் கரடியின் காதில் ஏறியது. ஆசைக்குக் காது அப்படித்தான்.

கரடியின் குகை வாசலில் நரி உத்தமன் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. உத்தமன் என்பது பெயர் மட்டும்தான்.

"அப்படின்னா இந்தப் பழசை இப்பவே தள்ளிவிட்டுடுங்க அண்ணே. வேகமானது வந்த மறுநாள் இதை எவனும் மோந்துகூடப் பார்க்கமாட்டான். நான் ரெண்டு தேனடை தர்றேன். நாளைக்குக் கேட்டா தரமாட்டேன்."

"அதுவரைக்கும் படம் போட என்ன பண்றது?"

"அதான் வரப்போகுதே அண்ணே."

கரடி கார்டைக் கழற்றிக் கொடுத்தது. திரை கருத்துப்போனது. கரடி அதைப் பார்க்கவில்லை. தேனை நக்கிக்கொண்டிருந்தது.

புரட்டாசியில் புதுக் கார்டு வந்தது. கரடி வாங்கவில்லை. "இதை வாங்கினா ஒரே மாசத்துல பழசாயிடும்" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தது.

ஐப்பசி பிறந்தது. மேற்கே வானம் கருத்தது. சடையாண்டி குகைக்கு வந்தது.

"படம் எங்கே?"

"பொறு சடையாண்டி. வேகமான கார்டு வரப்போகுது. வந்ததும் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போட்டுத் தர்றேன்."

"பழசு எங்கே?"

"அது நரிகிட்ட."

"இருந்ததையும் குடுத்துட்டு, இல்லாததை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கியா?"

"உனக்கு வேகத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"தண்ணி வேகமா வரும். அது தெரியும்."

சடையாண்டி வளைக்குத் திரும்பியது. வழியெல்லாம் திட்டியது. வளை வாசலிலும் நின்று திட்டியது. அதன் மனைவி காத்தாயி உள்ளேயிருந்து சொன்னது: "நீ கத்தறதுல குட்டிங்களுக்கு நீச்சல் வந்துடுமா? நரிகிட்ட போய்க் கேளு."

நரியிடமும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. கார்டு மட்டும்தான் இல்லாமல் இருந்தது. இப்போது இருந்தது.

"போட்டுத் தர்றேன் சடையாண்டி. வளையில சேர்த்து வெச்ச கிழங்கு எல்லாத்தையும் கொண்டா."

"மழைக்காலம் பூரா நாங்க என்னத்தைத் தின்கிறது?"

"உயிரோட இருந்தாத்தானே தின்கணும்."

சடையாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு கிழங்கு முழுவதையும் சுமந்து போட்டது. இரண்டு நாள் கார்டு மூச்சு வாங்கியது. இரண்டு நாளும் சடையாண்டி தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் படம் வந்தது. கிழக்குக் கரை முழுவதும் நீலம். வளை இருந்த இடம் நீலம். நீலம் மேடேறிப்போய்க் கரடியின் குகைக்குள்ளும் புகுந்திருந்தது. மேற்குக் கரை மேடு மட்டும் பச்சையாக நின்றது.

"குகையைப் பார்த்தியா? அவன்கிட்ட சொன்னியா?" என்றது சடையாண்டி.

"அவன் கேட்கல" என்றது நரி. அன்றே மேற்குக் கரைக்குக் குடிபோனது.

ஆற்றின் குறுக்கே ஒரு மருத மரம் விழுந்து கிடந்தது. அதன்மேல் காத்தாயி ஒரு குட்டியைக் கவ்விப் போனது. சடையாண்டி இன்னொன்றைக் கவ்விப் போனது. மூன்றாவதை எடுக்க சடையாண்டி திரும்பி வந்தது. அதற்குள் தண்ணீர் மரத்தைத் தொட்டுவிட்டது.

அப்படியே போயிருக்கலாம். போகவில்லை. அந்த மடக் கரடிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று குகைக்கு ஓடியது.

"கிளம்புய்யா. உன் குகைக்குள்ள தண்ணி வரப்போகுது. படத்துல பார்த்தேன்."

"எந்தக் கார்டு போட்ட படம்?"

"உன் கார்டுதான்."

கரடி சிரித்தது. "அந்தப் பழசா? அதுக்கு வயசாயிடுச்சு. ஓரமெல்லாம் புள்ளி புள்ளியா வரையும். அதை நம்பி நான் வீட்டை விடணுமா? வேகமானது இன்னைக்கோ நாளைக்கோ வந்துடும். தெளிவா ஒரு படம் போட்டுப் பார்த்துட்டுக் கிளம்பறேன்."

"போன வருஷம் வரைக்கும் அதை நம்பித்தானேய்யா நீயும் உயிரோட இருந்தே?"

"போன வருஷம் இப்படி ஒண்ணு வருதுன்னு எனக்குத் தெரியாதே."

சடையாண்டியின் முள் அத்தனையும் நட்டுக்கொண்டு நின்றது. அது திரும்பி வளைக்கு ஓடியது. வாசலில் தண்ணீர் வந்துவிட்டது. குட்டி மூலையில் ஒண்டிக்கொண்டு கத்தியது. சடையாண்டி அதைக் கவ்விக்கொண்டு மரத்தில் ஏறியது. மரம் காலடியில் ஆடியது. பாதி தூரத்தில் ஒரு முறை வழுக்கியது. குட்டியை விடவில்லை. அக்கரையில் கால் வைத்ததும் பின்னால் மரம் புரண்டு ஆற்றோடு போனது.

அன்று மாலை கிழக்குக் கரை உடைந்தது. கரடி ஒரு வேங்கை மரத்தின்மேல் ஏறி நான்கு நாள் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. உயிர் தப்பியது. கம்ப்யூட்டர் தப்பவில்லை. தேனும் தப்பவில்லை.

நரிக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழங்கைத் தின்று கொழுத்தது. சடையாண்டி குடும்பம் அந்த மழைக்காலம் முழுக்க மரப்பட்டையைக் கடித்துக்கொண்டு கிடந்தது. நினைத்தால் இப்போதும் எரிகிறது. என்ன செய்ய, நடந்தது அதுதான்.

தை பிறந்து, மாசியும் பாதி போனது. வேகமான கார்டு வந்தேவிட்டது. கரடி அதை வாங்கி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு குகை வாசலில் உட்கார்ந்தது. உள்ளே இடுப்பளவு சேறு. கார்டைச் செருகக் கம்ப்யூட்டர் இல்லை.

சடையாண்டி அந்த வழியாக வந்தது. பின்னால் மூன்று குட்டிகள்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு" என்றது கரடி, தலையைத் தூக்காமல்.

"வேகமா இருக்கா?"

கரடி கார்டின்மேல் ஒட்டியிருந்த சேற்றை விரலால் துடைத்தது.

அப்போது காக்கை பறந்து வந்து கிளையில் உட்கார்ந்தது. "அண்ணே, விஷயம் தெரியுமா? இதைவிட வேகமா ஒண்ணு வருதாம்."

கரடி சட்டென்று நிமிர்ந்தது.

"எப்போ?"

பதிலைக் கேட்கச் சடையாண்டி நிற்கவில்லை. குட்டிகளை முன்னால் விட்டு, முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நடந்தது.

நீதி: வரப்போகும் வேகத்தை நம்பி, கையில் ஓடுவதைக் கழற்றிக் கொடுக்காதே.