மூணாம் தாளின் பின்பக்கம்

"மூணு விதமாச் சமைச்சுப் போட்டேன் டீச்சர். அப்பவும் ஒருத்தி இலையை மடக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா."

பாட்டு அறை வாசலில் நின்று இப்படிச் சொன்னவர் ஆவுடையப்பன் சார். தலை நரைக்கிற அளவுக்கு அந்த உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் நடத்தி வருகிறவர்.

உள்ளே சுருதிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் செண்பகவல்லி டீச்சர். போன வருஷம்தான் பாட்டு டீச்சராக வந்து சேர்ந்தாள். சாருக்கு மகள் வயசு.

மகள் வயசுக்காரியிடம் போய் யோசனை கேட்கிற ஆள் இல்லை அவர். என்ன செய்வது? அவள் வகுப்பிலிருந்து மட்டும் இதுவரை ஒரு பிள்ளைகூடப் பாதியில் நின்றதில்லை. அது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

"எந்திரிச்சுப் போனது யாரு சார்?"

"பேச்சித்தாய். ஒன்பதாம் வகுப்பு."

பேர்தான் பேச்சி. வகுப்பில் வாயைத் திறக்கமாட்டாள். இங்கிலீஷ் வகுப்பில் கேட்கவே வேண்டாம்.

"உக்காந்து சொல்லுங்க சார்."

உட்கார்ந்தார். சொன்னார்.

புத்தகத்துக்கு வெளியே இருந்து அவர் ஒரு இங்கிலீஷ் பாட்டு கண்டுபிடித்திருந்தார். வெள்ளம் ஓடுகிற ஆற்றில் ஒரு பெண் தனியாகப் படகு வலித்துப் போகிறாள், அந்தக் கதை. அதை மூன்று தாளாகப் பிரித்தார். நன்றாகப் படிக்கிறவர்களுக்கு முதல் தாள்: முழுப்பாட்டும் கஷ்டமான கேள்வியும். சுமாரானவர்களுக்கு ரெண்டாம் தாள்: பாதிப்பாட்டும் பாதிக்கேள்வியும். மூணாம் தாளில் முதல் ரெண்டு வரி, ஒரு படகுப் படம், கோடிட்ட இடத்தை நிரப்பு.

"யாரும் பயப்படக்கூடாதுன்னுதானே செஞ்சேன்? அவங்கவங்க வயித்துக்குத் தக்கபடி?"

"பேச்சிக்கு எந்தத் தாள்?"

"மூணாம் தாள். என்னைக்குமே மூணாம் தாள்தான். ஒருநாள் பக்கத்துப் பிள்ளையோட முதல் தாளைக் கை நீட்டி எடுத்தா. 'உனக்கு எதுக்கும்மா அது? உன் பங்கை நல்லாச் செய்'னு தன்மையாத்தான் சொன்னேன். மறுநாளே வரலை. வீட்டுக்கு ஆள் விட்டுக் கேட்டா, ஞாயித்துக்கிழமை மாமாகூட திருப்பூருக்கு பஸ் ஏறப் போறாளாம். பனியன் கம்பெனிக்கு."

"நீங்க விட்டுருவீங்களா?"

"விடவா?" சார் எழுந்தே விட்டார். "என் வகுப்புல ஒரு பெஞ்சு காலியாக் கெடந்தா எனக்குச் சோறு எறங்காது. அவ பஸ் ஏறுறதுக்குள்ள நான் அவளைத் திருப்பிக் கொண்டாந்தாகணும். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். உங்ககிட்ட என்ன வித்தை இருக்கு? அதைச் சொல்லுங்க."

டீச்சர் சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் இழுத்தாள்.

"பாடுங்க."

"எனக்குப் பாட வராது."

"வருமான்னு நான் கேக்கலையே."

அட, இதென்ன வம்பு. சார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் மகனைத் தொட்டிலில் போட்டு ஆட்டிய காலத்தில் முனகிய ஒரு ராகத்தை முனகினார். டீச்சர் சுருதியைத் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள். திடீரென்று பெட்டியும் அவர் குரலும் ஒன்றாகிவிட்டன.

"ஒரு கட்டை" என்றாள்.

"எட்டுக்கட்டைன்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். ஒரு கட்டைன்னா ரொம்ப மட்டமோ?"

"மட்டமுமில்ல, உசத்தியுமில்ல. உங்க குரல் செரமப்படாம நிக்கிற எடம்."

மணி அடித்தது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டாள். சின்னக் குருவி மாதிரி ஒருத்தி வந்தாள். டீச்சர் பெட்டியை ஐந்து கட்டைக்கு ஏற்றினாள். குரல் உடைந்து தவளையாய்க் கத்துகிற ஒருவன் வந்தான், இறக்கினாள். பாடினார்கள், போனார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

சார் தொடையில் ஓங்கித் தட்டினார்.

"பிடிச்சிட்டேன்!"

"என்ன பிடிச்சீங்க?"

பதில் சொல்ல அவர் அங்கே இருந்தால்தானே? வராந்தாவில் பாதி தூரம் போயிருந்தார்.

*

மூன்று தாள் போதாது. அதைத்தான் அவர் பிடித்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டை என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள்!

உட்கார்ந்துவிட்டார் மனுஷர். சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டம்மா ஓய்ந்துபோனாள். அவருடைய பிடிவாதம் தெரிந்தவள், மேஜை ஓரத்தில் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பேச்சிக்கென்று தனித்தாள். எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக. படகுக்குப் பச்சை, ஆற்றுக்கு நீலம், தானே கலர் தீட்டினார். பாட்டில் ரெண்டு வரியும் அதிகம் என்று தோன்றியது. ஒரு வரியாகக் குறைத்தார்.

"பாவம், பிள்ளை தெணறக்கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் பள்ளி விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு பேச்சி வீட்டுக்குப் போனார். அம்மா முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். சாரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"வாங்க சார். நானா போவச் சொல்லுதேன்? படி படின்னுதான் சொல்லுதேன். அவதான், எனக்கு அங்க ஒண்ணுமில்ல, போறேன்னு நிக்கா. ஏட்டி பேச்சி, சார் வந்துருக்காவ பாரு!"

பேச்சி கதவோரம் வந்து நின்றாள்.

"உனக்குன்னே செஞ்சு கொண்டாந்திருக்கேன் பாரும்மா" என்று சார் தாளை நீட்டினார்.

அவள் வாங்கினாள். படத்தைப் பார்த்தாள். அந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்து எழுத்துக்கூட்டி உதட்டை அசைத்தாள். அப்புறம் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறும் வெள்ளை.

"பின்னாடி இருக்கா சார்?"

"இல்லம்மா. உனக்கு இது போதும்."

அவள் தாளைக் கசங்காமல் நீவி அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"நான் போறேன் சார்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

சாருக்கு வந்ததே ஆத்திரம்! யார் மேல் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. சைக்கிளை மிதிக்கவும் மனசில்லாமல் உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

*

சனிக்கிழமை ஆண்டு விழா ஒத்திகை. பாட்டு அறை நிறையப் பிள்ளைகள். சார் விடுவிடுவென்று உள்ளே நுழைந்தார்.

"உங்க கட்டையும் வேண்டாம், உங்க சுருதியும் வேண்டாம். பிள்ளைக்கு ஒரு தாள்னு செஞ்சேன். மூஞ்சியில அடிச்ச மாதிரித் திருப்பிக் குடுத்துட்டா. நாளைக்கு அவ போயிருவா. போயிருவா டீச்சர்!"

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

டீச்சர் பெட்டியை ஒரு கட்டைக்கு இறக்கினாள்.

"ஒரு புதுப் பாட்டு சார். நீங்களும் சேந்து பாடுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

முரண்டு பிடித்தாலும் பாடினார். கிணற்றடிப் பாட்டு. டீச்சர் தானே கட்டியது.

"எங்கம்மா சீதனமா எடுத்துவந்த வெண்கலக்குடம்
எட்டாத கெணத்துக்குள்ள எங்கையை விட்டுப் போச்சுதடி..."

தன் கட்டையில் பாடினார் அல்லவா, குரல் குழைந்துகொண்டு வந்தது. அவருக்கே ஆச்சரியம். 'ஐயோ, அம்மாவோட குடமாச்சே' என்று மனசு அந்தக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது. அடுத்த அடிக்கு மூச்சை இழுத்தார்.

டீச்சர் கையை உயர்த்தினாள்.

"போதும் சார். நல்லாப் பாடினீங்க. நீங்க வெளியே உக்காருங்க."

"மிச்சம்?"

"உங்களுக்கு இது போதும்."

ஒரு பெண் எழுந்து அவருக்காகக் கதவைத் திறந்து விட்டாள். அவர் வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். கோபமான கோபம். நரைத்த தலை, சர்வீஸ், மரியாதை, எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று சாவியைக்கூடக் கையில் எடுத்தார்.

உள்ளே பாட்டு தொடர்ந்தது. கதவு கனமான கதவு, வார்த்தை விளங்கவில்லை. 'பாதாளக் கரண்டி' என்று ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. ஓகோ, கிணற்றில் விட்டுத் துழாவுகிறார்கள். யார் கொண்டுவந்தார்கள்? பக்கத்து வீட்டுக்காரியா? மாட்டியதா?

எழுந்தார். கதவில் காதை வைத்தார். உள்ளே பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள்? என்னமோ மேலே வந்துவிட்டது. குடமா, வேறு எதுவுமா? பாட்டு மறுபடி இறங்கிவிட்டது. மெதுவாகப் பாடுகிறார்கள். யாருக்கோ வருத்தம். யாருக்கு?

கதவை ஒரே தள்ளாகத் தள்ளினார்.

"அந்தக் குடம் வந்துதா, இல்லையா?"

பாட்டு நின்றது.

செண்பகவல்லி டீச்சர் பெட்டியிலிருந்து கையை எடுக்காமல் அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எதுக்கு சார் அது? உங்க பங்கைத்தான் நல்லாச் செஞ்சிட்டீங்களே."

சார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அது யார் வார்த்தை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

பின்னாடி இருக்கா சார்?

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு கண்ணிலும் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"அடப்பாவி" என்றார். தன்னைத்தான். "பிள்ளையை நடு ஆத்துல விட்டுட்டு வந்துட்டேனே."

"சார், பாட்டு இன்னும் இருக்கு" என்றாள் டீச்சர். "உள்ள வாங்க."

"எனக்கு வேலை இருக்கு டீச்சர்" என்று திரும்பியவர், ரெண்டு எட்டுப் போய்விட்டு நின்றார். "ஆனா இதை நீங்க எனக்கு முழுசாச் சொல்லித்தரணும். விடமாட்டேன்."

*

ஞாயிற்றுக்கிழமை. பேச்சி வீட்டு வாசலில் ஜிப்பு வைத்த பை ஒன்று கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. மாமா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா வழிக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

சார் சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை. சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"பேச்சி."

வந்தாள். அவர் தாளை மட்டும் நீட்டினார்.

எழுத்து பெரிதுதான். படகும் பச்சைதான். ஆனால் ஒரு வரிக்குக் கீழே இன்னொரு வரி, அதற்குக் கீழே இன்னொன்று என்று தாள் நிறைய இருந்தது. கஷ்டமான வார்த்தை ஒவ்வொன்றின் கீழும் பொடி எழுத்தில் தமிழ். பேச்சி அடிவரைக்கும் கண்ணை ஓட்டினாள். சந்தேகமாக சாரைப் பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பினாள்.

பின்பக்கமும் நிறைய இருந்தது.

அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு புள்ள" என்றார் மாமா.

காதில் விழுந்தால்தானே? விரல் முதல் வரியில் இருந்தது. திக்கினாள். கீழே இருந்த தமிழைப் பார்த்தாள். மறுபடி மேலே போனாள். வெள்ளம் வந்தது. காற்று வந்தது. ஒரு வார்த்தை வாயில் நுழையாமல் படுத்தியது. சாருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவளே சொன்னாள்.

துடுப்பு ஒடிந்தது.

"ஐயோ" என்றாள் பேச்சி. வகுப்பில் ஒருநாளும் கேட்காத குரல். சத்தமான குரல்.

அம்மா புளிச்சோற்றை அப்படியே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "என்னட்டி ஆச்சு?"

"இரும்மா. துடுப்பு ஒடிஞ்சுட்டு. தண்ணி உள்ள வருது."

"யாருக்குட்டி?"

"இருங்கேன்லா!"

தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் ஒவ்வொரு வரியாக இறங்கினாள். ஒடிந்த கட்டையை வைத்தே அந்தப் பெண் தண்ணீரைத் தள்ளினாள். கை கிழிந்தது. விடவில்லை. கடைசி வரிக்கு வந்தாள். வாசித்தாள். கீழே பார்த்தாள். பொடி எழுத்தில் ஒரே ஒரு சொல்: கரை.

"சேந்துட்டா சார்" என்றாள்.

சார் தலையை மட்டும் ஆட்டினார்.

மாமா பையைத் தூக்கினார். "சரி, சேந்துட்டால்ல? வா, போவோம்."

பேச்சி எழுந்தாள். அவர் கையிலிருந்து பையை வாங்கினாள். வாங்கி, வீட்டுக்குள்ளே வைத்தாள்.

"நாளைக்கு வகுப்புல இதை நான்தான் வாசிப்பேன் சார்" என்றாள். "பின்பக்கமும் சேத்து."