விருந்தாளிக்கு முதல் பக்கம்

சிப்பித்துறை மைதானத்தில் அமலோற்பவத்தை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கால்பந்து சொல்லிக்கொடுப்பவருக்கு அங்கே வேறு பெயர் கிடையாது. அது பெண்ணாக இருந்தாலும் சரி.

போஜன் அவரைவிட நாலைந்து வயது மூத்தவன். ஆட்டம் கற்க மலையிலிருந்து இறங்கி வந்தவன், அவருக்கு உதவியாளனாக வருஷக்கணக்கில் அங்கேயே நின்றுவிட்டான். அவன் அவரை மாஸ்டர் என்பான். அவர் அவனை அண்ணே என்பார். யார் குரு, யார் சீடன் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவதுண்டு. அவர்கள் இருவருக்கும் அந்தக் குழப்பம் வந்ததில்லை.

இந்த வருஷம் போஜன் சொந்த ஊருக்குத் திரும்பி, மேலட்டிக் கல்லூரி அணிக்குப் பயிற்சியாளர் ஆனான். எடுத்த எடுப்பிலேயே அணி மலை வட்டத்தில் முதலாவதாக வந்தது. ஊரே கொண்டாடியது. போஜனால் மட்டும் கொண்டாட முடியவில்லை. மலை வட்டத்தில் முதலாவது வந்தால் வருஷக் கடைசி ஆட்டத்துக்குச் சிப்பித்துறைக்குப் போயாக வேண்டும்.

அது எப்போதோ இரண்டு கல்லூரி முதல்வர்கள் பேசி முடித்த சம்பந்தம். இருவரும் ஒரே விடுதியில் படித்தவர்களாம். கடற்கரை வட்டத்து முதல் அணியும் மலை வட்டத்து முதல் அணியும் வருஷா வருஷம் மோத வேண்டும் என்றார் ஒருவர். மலைக்குளிரில் யார் வந்து ஆடுவது, நீங்கள் இறங்கி வாருங்கள், விருந்து எங்கள் பொறுப்பு என்றார் மற்றவர். அப்படியே நிலைத்துவிட்டது. கடற்கரை வட்டத்தில் சிப்பித்துறைக் கல்லூரிதான் எப்போதும் முதல். ஆற்றங்கரை வட்டத்தில் எவ்வளவு நல்ல அணி இருந்தாலும் இந்த ஆட்டத்துக்கு அழைப்பு கிடையாது.

மலைக்காரர்கள் வந்தார்கள். மீன்குழம்பு சாப்பிட்டார்கள். தோற்றுப் போனார்கள்.

மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் மலைப் பையன்களைப் பார்ப்பது இந்த ஒரு ஆட்டத்தில்தான். மலை வட்டம் பலவீனமான வட்டம் என்று அவர்கள் முடிவுகட்டி வெகுகாலமாகிறது. இந்தத் தடவையும் தோற்றால் சம்பந்தத்தையும் அறுத்து, அணியையும் கலைத்துவிடப் போவதாக மேலட்டிக் கல்லூரித் தாளாளர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சிப்பித்துறையில் இன்னொரு வழக்கமும் உண்டு. டாஸ் போட மாட்டார்கள். வந்த அணியின் பயிற்சியாளரிடம், "விருந்தாளிக்கு முதல் பக்கம்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். எந்தப் பக்கம் வேண்டுமோ அவர் எடுத்துக்கொள்ளலாம். கேட்கிறவருக்கு மனசு குளிர்ந்துவிடும்.

மைதானத்துக்கு ஒரு முனையில் கடல், மறுமுனையில் பனைகள். ஆட்டம் தொடங்கும்போது கடலிலிருந்து இதமாகக் காற்று வரும். விருந்தாளி மூலைக்கொடியைப் பார்ப்பார். முதுகில் காற்று இருக்கட்டும் என்று கடல் பக்கத்தைக் கேட்பார். பாதி ஆட்டம் நன்றாகத்தான் போகும். இடைவேளைக்குப் பிறகு பனைப் பக்கம் மாறுவார்கள். அப்போது கடலிலிருந்து கொண்டல் எழும். உதைத்த பந்து உதைத்தவனிடமே திரும்பி வருகிற காற்று.

"விருந்தாளிக்கு முதல் பக்கம்" என்று அத்தனை வருஷமும் சிரித்துக்கொண்டே சொல்லி வந்தவன் போஜன்தான்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் அணியோடு வந்து இறங்கினான். பையன்களைச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டு மைதானத்துக்குப் போனான். மாஸ்டர் கோல்போஸ்டில் வலை கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. அந்த முனையைப் பிடிங்க."

பிடித்தான். பழகின கை. எதிரணி வலையைக் கட்டுகிறோமே என்று பாதியில்தான் தோன்றியது.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"நாளைக்கு நான் எந்தப் பக்கம் எடுக்கணும்?"

மாஸ்டர் முடிச்சை இறுக்கினார்.

"பனைப் பக்கம். முதல்ல எதிர்காத்தை வாங்கிக்கிடுங்க. பிந்தின பாதி உங்களுக்கு."

போஜன் கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"அதை இறுக்குங்கண்ணே" என்றார் மாஸ்டர்.

அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். பனைப் பக்கம் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டுதான் மலையிலிருந்தே புறப்பட்டான். அதையே அவரும் சொல்லிவிட்டார். அங்கேதான் வந்தது வினை.

சாப்பிடும்போது யோசித்தான். ஏன் சொன்னார்? எதிரணிக்குப் போய் யாராவது இதைச் சொல்வார்களா? நான் பனைப் பக்கம்தான் எடுப்பேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொல்கிறார் என்றால், நான் எடுக்கக் கூடாது என்றுதானே சொல்கிறார்? இல்லை, எடுக்கட்டும் என்றா?

மீன் முள் தொண்டையில் குத்தியது. சோற்றை உருட்டி விழுங்கினான்.

ஒருவேளை இந்த வருஷம் காற்று மாறியிருக்குமோ. நான் இங்கே இல்லாத இந்தச் சில மாதங்களில் அவர் எதையாவது கண்டுபிடித்திருப்பாரோ. இரண்டாம் பாதியில் காற்றை எதிர்த்து ஆடத் தன் பையன்களைத் தயார் செய்து வைத்திருப்பாரோ. மாஸ்டர் பொய் சொல்ல மாட்டார். ஆனால் மெய்யைச் சொல்லியே கவிழ்த்துவிடக்கூடியவர்.

காலையில் கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டான்.

"அண்ணாச்சி, சாயங்காலம் காத்து எப்படி இருக்கும்?"

"இருக்கும்" என்றார் அவர்.

"பலமா இருக்குமா?"

"அதை அது வந்துல்லா சொல்லணும்."

இருந்த கொஞ்சத் தெளிவும் போயிற்று.

மேலட்டி அணியின் கேப்டன் ஹாலன். நிதானமான பையன். மாநில அணிக்குப் போகிற கால்கள் என்று போஜன் அவனைப் பார்த்த முதல் நாளே நினைத்திருந்தான். ஆட்டத்துக்கு முன்னால் ஹாலன் வந்து கேட்டான்.

"சார், எந்தப் பக்கம்?"

"சொல்றேன்."

"எந்தப் பக்கம்னாலும் ஆடிடுவோம் சார். முன்னாடியே தெரிஞ்சா நல்லா இருக்கும்."

"அதான் சொல்றேன்னேனே."

ஆள் எடுப்பவர்கள் வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். ரெஃப்ரி நடுக்கோட்டுக்கு வந்தார். மாஸ்டரும் வந்தார். போஜன் நின்ற இடத்தில் இப்போது ஒரு புது உதவியாளர் நின்றார். போஜன் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்து, "விருந்தாளிக்கு முதல் பக்கம்" என்றார்.

போஜன் மூலைக்கொடியைப் பார்த்தான். கொடி இதமாக ஆடியது. மாஸ்டர் முகத்தைப் பார்த்தான். அவர் மணலில் எதையோ காலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"கடல் பக்கம்" என்றான்.

சொன்ன வாயை அப்போதே மூடிக்கொள்ளத் தோன்றியது. மாஸ்டர் ஒரு முறை நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பிறகு தன் பக்கம் போனார்.

முதல் பாதி மலைக்காரர்களுடையது. ஹாலன் பக்கவாட்டிலிருந்து உயர்த்திப் போட்ட பந்து காற்றில் மிதந்து போய் வலையில் விழுந்தது. மேலட்டிப் பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். போஜனும் கையைத் தூக்கிவிட்டான். நான் செய்ததுதான் சரி, காற்று மாறித்தான் இருக்கிறது என்று இடைவேளை வரைக்கும் நம்பினான்.

இடைவேளையில் இளநீர் வந்தது. குடித்து முடித்து மட்டையைக் கீழே போடுவதற்குள் கொண்டல் எழுந்தது.

பிறகு நடந்ததைச் சொல்ல ஒன்றுமில்லை. மேலட்டி கோல்கீப்பர் உதைத்த பந்து நடுக்கோட்டைத் தொடாமல் வளைந்து திரும்பியது. திரும்பிய பந்தைக் கடற்கரைப் பையன்கள் காத்திருந்து வாங்கினார்கள். ஒரு கோல். இன்னொன்று. ஒரு கார்னர் யார் காலிலும் படாமல் நேராக உள்ளே போனது. ஹாலன் ஓடிக்கொண்டே இருந்தான். பந்து வேறு எங்கோ இருந்தது.

"மலைப் பசங்களுக்கு பிந்தின பாதியில மூச்சு தாங்காது" என்று பந்தலில் ஒருவர் சொல்லிக்கொண்டே எழுந்து போனார். போஜன் காதில் அது விழுந்தது. மலையில் ஓடுகிறவனுக்கா மூச்சு தாங்காது என்று அவரைப் பிடித்துக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை.

ஹாலன் மணலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான்.

"சார், அவங்க நம்மளைவிட நல்ல டீமா?"

போஜனுக்குப் அழுகை வந்தது. பையன்கள் பார்க்கிறார்களே என்று திரும்பி நடந்தான்.

மாஸ்டர் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த முனையை அவுருங்கண்ணே."

அவிழ்த்தான்.

"மாஸ்டர், நீங்க சொன்னது மெய்தானே?"

"எது?"

"பனைப் பக்கம்னு சொன்னது."

"மெய்தான்."

"அப்ப ஏன் சொன்னீங்க?"

மாஸ்டருக்குக் கேள்வியே விளங்கவில்லை போலிருந்தது.

"கேட்டிய. சொன்னேன்."

"எதிரணிக்காரன் கேட்டாக்கூடவா?"

"இத்தனை வருஷத்துல எந்த எதிரணிக்காரரும் கேட்டதில்லையே. கொடியைப் பாத்தாங்க, கடல் பக்கம்னாங்க. நம்மளும் சரின்னோம். நீங்களும் பக்கத்துலதான நின்னிய."

போஜன் தலையைக் குனிந்து வலையைச் சுருட்டினான். சுருட்டச் சுருட்டச் சிக்கியது.

"பையன் கேக்குறான் மாஸ்டர். அவங்க நம்மளைவிட நல்ல டீமான்னு. எனக்கே தெரியல. உங்க பசங்க ஆடினதா, காத்து ஆடினதா? நான்தான் கவுத்துட்டேனா? நான் ஒழுங்கா எடுத்திருந்தா மட்டும் ஜெயிச்சிருப்போமா? ஒண்ணும் புரியல."

மாஸ்டர் அவன் கையிலிருந்த வலையை வாங்கிச் சிக்கெடுத்தார்.

"உங்க மைதானத்துல பனி எப்ப இறங்கும்?"

"நாலு மணிக்கு மேல. இறங்காது மாஸ்டர், பள்ளத்துல இருந்து ஏறி வரும்."

"ஏறி வந்தா?"

"பள்ளத்துப் பக்கம் இருக்குற கோல்போஸ்ட் முதல்ல காணாமப் போகும். அங்க நிக்கிற கோல்கீப்பருக்கு பந்து மூக்குக்கிட்ட வந்தாத்தான் தெரியும். எங்க பசங்க சத்தத்தை வச்சே ஆடிடுவாங்க. சின்ன வயசுல இருந்து பழக்கம்."

சொல்லும்போதே அவன் குரல் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

"சரி, அடுத்த வருஷம் நாங்க மேல வாரோம்" என்றார் மாஸ்டர். "ஆள் எடுக்குறவங்களையும் கூட்டிட்டு வாரோம். உங்க தாளாளர்கிட்ட சொல்லுங்க, அதுக்குள்ள எதையும் அறுத்துப் போட்டுற வேண்டாம்னு."

போஜன் நிமிர்ந்து பார்த்தான். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"நெசமாவா மாஸ்டர்?"

"வாரோம்னா வாரோம்."

அவனுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. தாளாளரிடம் எப்படிச் சொல்வது, ஹாலனிடம் எப்படிச் சொல்வது என்று மனசு மலையேறிவிட்டது. கடற்கரைப் பையன்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு வந்து நிற்பார்கள். மேட்டுப் பக்கம் காய்ந்த புல்லாகப் பார்க்க அழகாக இருக்கும். வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். கேட்கட்டும். இடைவேளைக்குப் பிறகு பள்ளத்துப் பக்கம் மாறும்போது பனி ஏறி வரும்.

"வாங்க மாஸ்டர்" என்றான் முகமெல்லாம் சிரிப்பாக. "விருந்தாளிக்கு முதல் பக்கம்."

மாஸ்டர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப இப்பவே கேட்டு வச்சிக்கிடுதேன். அங்க நான் எந்தப் பக்கம் எடுக்கட்டும்?"

போஜன் வாயைத் திறந்தான்.

தூரத்தில் ஹாலன் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு இவனையே பார்த்தபடி நின்றிருந்தான். காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

போஜன் வாயை மூடிக்கொண்டான்.

"மெள்ள யோசிங்கண்ணே" என்றார் மாஸ்டர். "ஒரு வருஷம் இருக்கே."